பொம்மைப் படம் பாக்குற வயசா இது?

வயசு 28 ஆச்சு. இன்ஜினியரிங் முடிச்சு, சாப்ட்வேர் வேலைக்கு வந்து, மாசம் பொறந்தா இ.எம்.ஐ. கட்டுற நிலைமைக்கும் வந்தாச்சு. இன்னமும் "பொம்மைப் படம் பாக்குற வயசாடா இது?"ங்கற கேள்வி மட்டும் நிக்கல. ஆம்பூர்ல பெரியப்பா கேக்குறார். சென்னையில கூட வேலை பாக்குறவங்க கேக்குறாங்க. அவங்களை விடுங்க. ஊரு உலகமெல்லாம் படிச்சு, ஈரான் படம், கொரியப் படம்னு பக்கம் பக்கமா எழுதுற நம்ம பதிவர் மக்களே கேக்குறீங்க பாருங்க, அதான் தாங்கல. ரெண்டு வரியில பதில் சொல்லி ஆகாதுன்னு தோணுச்சு. அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், ஒரு டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

அப்புறம் சுத்தி வளைக்கிறான்னு சொல்லக் கூடாதுன்னு என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். அனிமே, அதாவது ஜப்பான்காரங்க எடுக்கிற அனிமேஷன், குழந்தைங்க சமாச்சாரம் கிடையாது. ஊர் நிலவரத்தை மறக்குறதுக்காகப் போட்டுக்குற போதையும் கிடையாது. பாலாத்தங்கரையில தோலையும் ஷூவையும் நம்பிப் பொழைக்கிற எங்க ஊர்க்காரனுக்கு அவன் வாழ்க்கையை இவ்வளவு நேரா காட்டுன இன்னொரு திரைக்கலையை நான் பார்த்ததில்லை. நம்ம சினிமாவையும் சேர்த்துத்தான் சொல்றேன். கோவம் வருதா? வரட்டும். முழுசாப் படிச்சுட்டு கோவப்படுங்க.

வாதம் 1: "அதெல்லாம் சின்னப் பசங்க பாக்குறது"

யார் சொன்னாங்க? நம்ம டிவிக்காரங்க சொன்னாங்க. நாமளும் நம்பிட்டோம்.

ஜப்பான்ல மங்கா (அதாங்க, அவங்க ஊர் காமிக்ஸ்) பையன்களுக்கு, பொண்ணுங்களுக்கு, வளர்ந்த ஆம்பளைங்களுக்கு, வளர்ந்த பொம்பளைங்களுக்குன்னு தனித்தனிப் பத்திரிகைகளா வருது. நம்ம ஊர்ல அம்புலிமாமாவும் சுபமங்களாவும் ஒரே கடையில தொங்குன மாதிரி. அதுக்காக சுபமங்களாவை எடுத்து யாராச்சும் ஒண்ணாங் கிளாஸ் பையன் கையில குடுத்தாங்களா? ஜப்பான் சரக்கு விஷயத்துல நாம பண்ணது அதேதான்.

ஷின்சானையே எடுத்துக்கோங்க. யோஷிதோ உசுய் அதை 1990-ல எழுத ஆரம்பிச்சது வளர்ந்தவங்க படிக்கிற ஒரு வாரப் பத்திரிகையில. நடுத்தரக் குடும்பத்து அப்பா அம்மாவோட கடன், சலிப்பு, சண்டை எல்லாத்தையும் அஞ்சு வயசுப் பையன் போட்டு உடைக்கிற நையாண்டி அது. இங்க என்னாச்சு? குழந்தைங்க சேனல்ல போட்டாங்க. அப்புறம் "ஐயோ குழந்தைங்க கெட்டுப் போகுது"ன்னு கூச்சல். 2008-ல மத்திய அரசு தடையே போட்டுச்சு. உப்பு ஜாடியில சர்க்கரையைக் கொட்டி வெச்சுட்டு, குழம்பு இனிக்குதேன்னு சர்க்கரையைத் திட்டுன கதைதான். :-)

கெய்ஜி நகாசாவான்னு ஒருத்தர். ஹிரோஷிமால குண்டு விழுந்தப்போ அவருக்கு ஆறு வயசு. அப்பா, அக்கா, தம்பியை அன்னைக்கே பறிகொடுத்தவர். அந்தக் கதையைத்தான் 1973-ல 'பேர்ஃபுட் கென்'ங்கற மங்காவா வரைய ஆரம்பிச்சார். இஸாவோ தகஹாதா 1988-ல எடுத்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' போர்க்காலத்துல பட்டினியால சாகுற அண்ணன் தங்கச்சி கதை. "பொம்மைப் படம்"னு சொல்ற யாராச்சும் அதைத் தனியா உக்காந்து பாத்துட்டு, மறுநாள் அதே வார்த்தையைச் சொல்லுங்க பாப்போம்.

இன்னொண்ணு. 2025-ல இந்தோனேசியாவுலயும் நேபாளத்துலயும் இளைஞர்கள் அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்தப்போ அவங்க கையில இருந்த கொடிகள்ல ஒண்ணு 'ஒன் பீஸ்' கதையில வர்ற வைக்கோல் தொப்பி மண்டையோட்டுக் கொடி. மந்திரிங்க கவலைப்பட்டு அறிக்கை விடுற அளவுக்குப் போச்சு. சின்னப் பசங்க சமாச்சாரத்துக்கு மந்திரிங்க ஏன் சார் பயப்படணும்?

வாதம் 2: "வெளிநாட்டு மோகம். நம்ம பண்பாடு என்னாகும்?"

இந்த வாதத்துக்குப் பின்னாடி இருக்கிற ரெட்டை வேடம்தான் எனக்கு ரொம்ப எரிச்சல்.

1998-ல டோக்கியோ ஷிபுயா பகுதியில ஒரு தியேட்டர்ல 'முத்து' ரிலீஸ் ஆச்சு. அங்க பேரு 'நடனமாடும் மகாராஜா'. ஜூன் எடோகிங்கற ஜப்பான் விமர்சகர் அதை சிங்கப்பூர்ல பாத்துட்டு, மயங்கிப் போய், தன் ஊருக்கு வரவழைச்சார். அந்த ஒரு தியேட்டர்லயே 23 வாரம் ஓடுச்சு. 2006 டிசம்பர்ல ஜப்பான் பாராளுமன்றத்துல பேசுன பிரதமர் மன்மோகன் சிங் அந்தப் படத்தைக் குறிப்பிட்டார். அதுக்கப்புறம் ஒவ்வொரு ரஜினி பட ரிலீஸுக்கும் ஜப்பான்ல இருந்து விமானம் ஏறி சென்னைக்கு வர்ற ரசிகர்களை நம்ம டிவி எல்லாம் மைக் நீட்டிப் பேட்டி எடுக்குது. அவங்க தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுனா நமக்குக் கண்ணுல தண்ணி வருது. எனக்கும்தான் வருது, பொய் சொல்லல.

ஒசாகாக்காரர் வேட்டி கட்டுனா பெருமை. ஆம்பூர்ப் பையன் நெத்தியில நருட்டோ பட்டை கட்டுனா பைத்தியம். இது என்ன நியாயம்? அன்புக்கும் பாஸ்போர்ட் பாக்கணுமா?

நொபொரு கராஷிமா நம்ம சோழர் கல்வெட்டுகளைப் படிச்சே ஆயுசைக் கழிச்ச ஜப்பானியர். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்துக்குத் தலைவரா இருந்து 1995-ல தஞ்சாவூர்ல நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினவர். தஞ்சாவூர்க் கல்வெட்டைக் கட்டிப் புடிச்சு அழுததால அவர் ஜப்பானியப் பண்பாடு ஒண்ணும் கரைஞ்சு போகலையே!

சரி, அவ்வளவு தூரம் ஏன்? நம்ம பதிவர் வட்டத்துல இரும்புக்கை மாயாவிக்கு எத்தனை ரசிகர்கள்? 1972-ல முத்து காமிக்ஸ் தொடங்குனதே அந்த ஆளை வெச்சுத்தான். அவர் இங்கிலாந்துக்காரர். டெக்ஸ் வில்லர் இத்தாலிச் சரக்கு. சிவகாசியில அச்சாகி வந்ததால உங்களுக்கு அது 'நம்ம' காமிக்ஸ். பழைய இதழைப் பைண்டு பண்ணி பீரோவுல பூட்டி வெச்சிருக்கிற அண்ணாச்சிகள் எல்லாம் என்னைப் பாத்து "வெளிநாட்டு மோகம்"னு சொல்லும்போது... என்னத்தச் சொல்ல.

எங்க ஊர் ஷூ கம்பெனி எதுக்குள்ளயாச்சும் போயிருக்கீங்களா? நான் உள்ள போய்ப் பாத்த ஒரு கம்பெனிச் சுவத்துல பெரிய போர்டு: செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. அதாங்க 'ஃபைவ் எஸ்'. அஞ்சும் அசல் ஜப்பானிய வார்த்தை. 'கைசன்' பயிற்சின்னு சூப்பர்வைசரை எல்லாம் உக்கார வெச்சு வகுப்பு எடுக்குறாங்க. அங்க மட்டும் யாருக்கும் பண்பாடு ஞாபகத்துக்கு வரல. அந்த போர்டுக்குக் கீழ உக்காந்து தைக்கிற அம்மாவோட பையன் ரெண்டு ஜப்பானிய வார்த்தை பேசுனாத்தான் பண்பாடு அழிஞ்சு போகுது. உற்பத்தியை ஏத்துற ஜப்பான் வேணும், தொழிலாளி வீட்டுப் புள்ளை ஆசைப்படுற ஜப்பான் வேணாம். உங்க பண்பாட்டுக் கவலையோட அளவு இவ்வளவுதான்.

வாதம் 3: "நம்ம ஊருக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

வாங்க. இதுக்குத்தான் காத்திருந்தேன். மூணு சம்பந்தம் சொல்றேன்.

*ஒண்ணு, ஆறு.*

ஜப்பான்ல மினமாட்டான்னு ஒரு ஊர். சிஸ்ஸோங்கற ரசாயனக் கம்பெனி பாதரசக் கழிவைக் கடல்ல விட்டுச்சு. மீன் தின்னவங்களுக்குக் கை கால் இழுத்துக்கிச்சு, பேச்சு குழறுச்சு, புள்ளைங்க வயித்துலயே பாதிக்கப்பட்டுப் பொறந்துச்சு. 1956-ல நோயை அதிகாரபூர்வமா பதிவு பண்ணாங்க. கம்பெனிக் கழிவுதான் காரணம்னு அரசாங்கம் வாயைத் திறந்து ஒத்துக்க 1968 ஆச்சு. அந்த மினமாட்டாவோட பாதிப்புல உருவானதுதான் ஹயாவோ மியாசாகியோட 'நவ்சிகா'. மங்கா 1982-ல தொடங்குச்சு, படம் 1984-ல வந்துச்சு. உலகம் அழிஞ்சு ஆயிரம் வருஷம் கழிச்சு எங்க பாத்தாலும் விஷக் காடு. மூச்சு விட்டா சாவு. எல்லாரும் அந்தக் காட்டை எரிக்கணும்ங்கறாங்க. நவ்சிகாங்கற பொண்ணு மட்டும் அந்தச் செடிகளைச் சுத்தமான ஆழ்கிணத்துத் தண்ணியில, சுத்தமான மண்ணுல வளத்துப் பாக்குறா. செடியில விஷமே இல்ல! விஷம் மண்ணுல இருந்தது. மனுஷன் போட்ட விஷம். காடு அதை உறிஞ்சி சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்திருக்கு.

இப்ப எங்க ஊருக்கு வாங்க. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு வரிசையா டேனரிங்க. வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. டேனரிப் பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ பாழ்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணி செலவுன்னும் இருக்கு. மாசு பண்ணவன்தான் காசு குடுக்கணும்ங்கற கொள்கையை இந்தியச் சட்டத்துல ஊன்றி வெச்ச தீர்ப்புகள்ல அது ஒண்ணு. சட்டக் கல்லூரிப் பசங்க எல்லாம் எங்க ஊர் பேரைச் சொல்லித்தான் பரீட்சை எழுதுறாங்க. ராணிப்பேட்டையில மூடிப் போன குரோமேட் தொழிற்சாலை குவிச்சு வெச்ச கழிவு தனிக் கதை. 2015 ஜனவரி 31-ல ராணிப்பேட்டையில கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்துல தூங்கிட்டிருந்த தொழிலாளிங்க பத்து பேர் சேத்துல மூச்சு முட்டிச் செத்தாங்க. பெரும்பாலும் வங்காளத்துல இருந்து வந்தவங்க. 2025 ஜனவரி 30-ல பாலாறு மாசு பத்தி உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்துச்சு. ரெண்டு தீர்ப்புக்கும் நடுவுல 28 வருஷம். என் வயசு.

பாலாறு பத்தி நம்ம சினிமா எத்தனை படம் எடுத்துச்சு? மினமாட்டா பாதிப்புல எடுத்த ஒரு 'பொம்மைப் படம்' என்னைப் பாத்து "மண்ணைப் பாருடா"ன்னு சொல்லுச்சு. அப்போ எனக்குப் பதினஞ்சு வயசு.

*ரெண்டு, நோய்.*

1997-ல வந்த மியாசாகியோட 'பிரின்சஸ் மோனோனோகே'. அதுல இரும்பு உருக்குற ஒரு ஊர். அதுக்குத் தலைவி எபோஷி. விபசார விடுதிகளுக்கு வித்துப் போட்ட பொண்ணுங்களை மீட்டு வந்து உலை ஊத வெச்சவ. உடம்பெல்லாம் துணி சுத்துன நோயாளிகளைத் தனியா ஒரு இடத்துல வெச்சு, வேலையும் மரியாதையும் குடுத்தவ. அவங்க தொழுநோயாளிகள். மியாசாகியோட வீட்டுக்குப் பக்கத்துல டோக்கியோவுல ஒரு பழைய தொழுநோய் இல்லம் இருக்கு. கதை நகராம திணறுன நேரத்துல அங்க போய்ப் பார்த்த பாதிப்புதான் அந்தக் காட்சிகள்னு பின்னாடி அவரே சொன்னார். ஜப்பான்ல தொழுநோயாளிகளைப் பிரிச்சு அடைச்சு வெச்ச சட்டம் 1907-ல தொடங்கி வடிவம் மாறி மாறி 1996 வரைக்கும் உயிரோட இருந்துச்சு. அது ஒழிஞ்ச மறு வருஷம் இந்தப் படம். 2001-ல குமமோட்டோ நீதிமன்றம் அரசு பண்ணது தப்புன்னு தீர்ப்பு குடுத்துச்சு.

வேலூர்க்காரங்களுக்கு நான் கரிகிரி பத்திச் சொல்லணுமா? 1955-ல காட்பாடி பக்கத்துல தொடங்குன தொழுநோய் ஆராய்ச்சி மையம். சி.எம்.சி-யில பால் பிராண்ட், நம்ம கொல்லிமலையில பொறந்த வெள்ளைக்காரர், மடங்கிப் போன விரல்களை அறுவை சிகிச்சையில நிமித்திக் காட்டுனார். உணர்ச்சி போன கால்ல புண்ணு வராம இருக்க மெத்துனு ரப்பர் வெச்ச எம்.சி.ஆர். செருப்பு உருவானதுல வேலூருக்குப் பெரிய பங்கு இருக்கு. உலகத்துக்கு ஷூ தைக்கிற பெல்ட்டுலயேதான் இதுவும் நடந்துச்சு. இந்தக் கதையில எவ்வளவு சினிமா இருக்கு! ஆனா நம்ம பழைய படங்கள்ல தொழுநோய்னா என்ன? பண்ண பாவத்துக்கு தண்டனை. 'ரத்தக்கண்ணீர்' போதுமா, இன்னும் சொல்லணுமா?

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். இந்த எபோஷி நல்லவளா? அதே அம்மாதான் காட்டை அழிக்கிறா, காட்டுத் தெய்வத்தையே சுட்டுத் தள்ளுறா. அவளை வில்லியா ஆக்கியிருந்தா படம் ஈஸி. மியாசாகி ஆக்கல. ஒதுக்கப்பட்டவங்களுக்குச் சோறு போடுற கையும் ஆத்தையும் காட்டையும் கொல்ற கையும் ஒரே கை.

எங்க அம்மா ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிறவங்க. எனக்கு ஃபீஸ் கட்டுன காசு அங்க இருந்து வந்தது. எங்க தெருக் கிணத்துல தண்ணி உப்பா மாறுனதும் அதே தொழில்லதான். நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழ்ல சொல்லிச் சொல்லி அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டுனேன். முடிஞ்சதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க: "அவ வேலை குடுக்கலைன்னா அந்தப் பொண்ணுங்கோ எங்க போவும்?" அடுத்த நிமிஷமே, "ஆனா தண்ணி போச்சே"ன்னாங்க. தோல் பெல்ட்டோட மொத்தப் பிரச்சனையும் இந்த ரெண்டு வாக்கியத்துல இருக்கு. டேனரியை மூடுன்னு சுலபமா சொல்றவங்களுக்கு முதல் வாக்கியம் தெரியாது. அந்நியச் செலாவணின்னு மார் தட்டுறவங்களுக்கு ரெண்டாவது வாக்கியம் தெரியாது. எங்க அம்மாவோட வாழ்க்கைச் சிக்கலை, பக்கம் சாயாம, அப்படியே முன்னாடி வெச்சது ஒரு ஜப்பான் கார்ட்டூன். இதைப் பாத்துத்தான் "உங்க ஊருக்கு என்ன சம்பந்தம்"ங்கறீங்க.

*மூணு, தோல்.*

காலேஜ்ல நான் ஆம்பூர்னு சொன்னதும் முதல் கேள்வி பிரியாணி பத்தி வரும். ரெண்டாவது, "நாத்தம் அடிக்குமாமே?" மூணாவது கேள்வி கொஞ்சம் பழகுன பிறகு வரும்: "ஆம்பூர்ல எந்தப் பக்கம்?" எதுக்குன்னு கேக்குறவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இங்க டேனரிகளை நடத்துனவங்க பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரிகள். குழியில இறங்குனவங்கள்ல பெரும்பகுதி தலித் மக்கள். தோலைத் தொட்டா தீட்டு. அதே தோல் பெல்ட்டா, பர்ஸா, ஆபீஸ் ஷூவா மாறிட்டா தீட்டு கிடையாது.

ஜப்பான்லயும் அச்சு அசல் இதேதான் இருந்துச்சுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? செத்த மாட்டை எடுத்தவங்க, தோல் பதப்படுத்துனவங்க எல்லாரையும் ஊருக்கு வெளியில ஒதுக்கி வெச்சாங்க. ஒதுக்கப்பட்டவங்கள்ல ஒரு பிரிவுக்கு வெச்ச பேரு 'ஹினின்'. அர்த்தம் 'மனுஷன் அல்லாதவன்'. 1871-ல அரசாணை போட்டு அந்தப் பிரிவுகளை ஒழிச்சாங்க, காகிதத்துல. 1922 மார்ச் 3-ல அந்த மக்களே கியோட்டோவுல கூடி 'சுய்ஹெய்ஷா'ங்கற சமத்துவ இயக்கத்தை ஆரம்பிச்சாங்க. அப்புறமும் 1975-ல ஒரு விஷயம் வெடிச்சுச்சு. அந்த மக்கள் வாழுற ஊர், தெருப் பேரெல்லாம் தொகுத்து ஒரு பட்டியல் போட்டு கம்பெனிகளுக்கு ரகசியமா வித்திருக்காங்க. வேலைக்கு எடுக்கும்போது 'அந்தத் தெரு'வான்னு பாக்குறதுக்கு. "எந்தப் பக்கம்?"ங்கற கேள்வியை அவங்க புத்தகமாவே போட்டுட்டாங்க.

இதை எந்த ஜப்பானியக் கலை முகத்துல அடிச்ச மாதிரிச் சொல்லுச்சு? மங்கா. 1964-ல சன்பெய் ஷிரதோ 'காரோ' பத்திரிகையில 'காமுய் டென்' தொடரை ஆரம்பிச்சார். நாயகன் காமுய், ஹினின் சேரியில பொறந்தவன். அடிமைத்தனத்துல இருந்து தப்பிக்க நிஞ்சா ஆகுறான், அங்கயும் அதே அடிமைத்தனம்னு புரிஞ்சு தப்பி ஓடுறான். 1971 வரைக்கும் அந்தத் தொடர் வந்துச்சு. போராட்டக் களத்துல நின்ன அந்தக் கால மாணவர்கள் அதைத் தேடித் தேடிப் படிச்சாங்க. 1969-லயே காமுயை வெச்சு டிவி அனிமேவும் வந்தாச்சு. நீங்க 'குங்பூ கார்ட்டூன்'னு சிரிக்கிற நிஞ்சாக் கதைக்கு வேர்ல ஒண்ணு, சாதிக்குத் தப்பி ஓடுன ஒருத்தன்.

நம்மகிட்ட எதுவுமே இல்லன்னு சொல்ல வரல. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளிகளைப் பத்தி டி. செல்வராஜ் எழுதுன 'தோல்' நாவலுக்கு 2012-ல சாகித்ய அகாடமி குடுத்தாங்க. பா. ரஞ்சித், மாரி செல்வராஜ் எல்லாம் சினிமாவுல கதவை உடைச்சிருக்காங்க. ஆனா அவங்க வர்ற வரைக்கும், பதினஞ்சு வயசு ஆம்பூர்ப் பையனுக்கு "நீ மட்டும் இல்லடா"ன்னு சொல்ல யார் இருந்தா? அவனைத்தான் பொம்மைப் படம் பாக்குறான்னு கிண்டல் பண்ணிட்டு இருந்தீங்க.

இப்ப நம்ம பங்காளிங்களுக்கு

அனிமே ரசிகக் கண்மணிகளே, கை தட்டுனது போதும். உங்களுக்கும் ரெண்டு வார்த்தை இருக்கு.

"ஜப்பானிய ஒலியில சப்டைட்டில் வெச்சுத்தான் பாப்பேன், தமிழ் டப்பிங் கேவலம்"னு பீத்திக்காதீங்க. 2025 ஜனவரியில யூகோ சாகோவும் நம்ம ராம் மோகனும் சேர்ந்து எடுத்த பழைய ராமாயண அனிமே தமிழ்லயும் தியேட்டருக்கு வந்துச்சு. அதே வருஷம் செப்டம்பர் 12-ல 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ்லயும் ரிலீஸ் ஆச்சு. பத்து மணி நேரம் தையல் மிஷின்ல உக்காந்து கண்ணு எரியிற அம்மாவால ஓடுற இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க முடியாது. தமிழ்ல டப்பிங் நல்லா இல்லைன்னா நல்லா பண்ணுன்னு சண்டை போடுங்க. டப்பிங்கே வேணாம்னு சொல்றது மேட்டிமைத்தனம்.

ஸ்கூல் பொண்ணுங்களைக் கேவலமா காட்டுற அனிமேவை "அது அவங்க கலாச்சாரம்"னு முட்டுக் குடுக்காதீங்க. நம்ம சினிமாவுல வந்தா காறித் துப்புவோம்ல? அங்க வந்தாலும் அதேதான்.

ஜப்பானை சொர்க்கமாக்காதீங்க. மினமாட்டாவும் அந்தத் தெருப் பட்டியலும் அங்க நடந்ததுதான். நீங்க உருகி உருகிப் பாக்குற சண்டைக் காட்சிக்கு இடைப்பட்ட படங்களை வரையிறவங்கள்ல பல பேருக்கு ஒரு படத்துக்கு இவ்வளவுன்னுதான் கூலி. எங்க ஊர்ல வீட்டுக்கே அப்பர் வாங்கிட்டு வந்து தைக்கிற பெண்களுக்கு ஒரு ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. ரெண்டும் பீஸ் ரேட்டுதான். ரசிக்கிறவன் அதையும் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

கடைசியா, சண்டையை மட்டும் பாத்துட்டு "யாரு பலசாலி, கோக்குவா நருட்டோவா"ன்னு விடிய விடிய அடிச்சுக்காதீங்க மக்கா. நீங்க அதோட நிறுத்திக்கிட்டா பெரியப்பா சொல்றது சரின்னு ஆயிடும். ஷிரதோ தன் ஊர் சேரியை வரைஞ்சார். மியாசாகி தன் வீட்டுக்குப் பக்கத்துல இருந்த தொழுநோய் இல்லத்தைப் பாத்து வரைஞ்சார். நீ ஆம்பூர்ல உக்காந்துக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு செர்ரிப் பூவையே வரைவே? ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல தூங்கிட்டுப் போற பொண்ணுங்களை வரை. மழை பேஞ்சா மட்டும் ஓடுற பாலாத்தை வரை. கரிகிரியில செருப்பு தைக்கிறவரை வரை. நல்லா இல்லைன்னாலும் பரவாயில்லை, நான் படிக்கிறேன்.

திட்டணும்னு வர்ற அண்ணாச்சிகளுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். 'பிரின்சஸ் மோனோனோகே' 2 மணி 13 நிமிஷம். பாத்துட்டு வந்து திட்டுங்க.

பி.கு.: இதைப் படிச்சுட்டு "சரி, எபோஷி நல்லவளா கெட்டவளா, முடிவாச் சொல்லு"ன்னு கேக்க வர்றவங்க எங்க அம்மாகிட்ட கேளுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு. :-)